ஒரு குறி, பதின்மூன்று மதிப்பெண்: கோட்டிங்கன் கல்லீரல் ஒதுக்கீட்டு வழக்கு

கல்லீரல் மாற்றுக்காகக் காத்திருக்கும் நோயாளியைப் பற்றி மருத்துவமனை தர வேண்டிய விவரங்களுள் ஒன்று, கடந்த ஒரு வாரத்தில் அவருக்கு இரண்டு முறையாவது டயாலிசிஸ் செய்யப்பட்டதா என்பது. ஆம் என்று குறித்துவிட்டால், சிறுநீரகம் பழுதாகும்போது ரத்தத்தில் கூடும் கிரியாட்டினின் என்ற பொருள் அவருக்கு உண்மையில் எவ்வளவு இருந்தாலும் ஒதுக்கீட்டுக் கணக்கு அதை 4 என்றே எடுத்துக்கொள்ளும்; அந்த அளவு கூடினால் வரிசையில் அவர் முன்னேறுவார். ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழக மருத்துவமனையில், டயாலிசிஸ் செய்யப்படாத சில நோயாளிகளுக்கு இந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்ற பதில் அனுப்பப்பட்டிருந்தது 2011இல் தெரியவந்தது. அதிலிருந்து புறப்பட்ட குற்றவியல் வழக்கு 2017இல் ஜெர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றத்தில் முடிந்தபோது, குற்றம் சாட்டப்பட்ட அறுவை மருத்துவர் முழுமையாக விடுதலை பெற்றிருந்தார். பொய் சொல்லப்பட்டது என்பதில் எந்த நீதிமன்றத்துக்கும் ஐயம் இருக்கவில்லை. அந்தப் பொய்யால் யார் பாதிக்கப்பட்டார் என்பதைத்தான் சட்டத்தின் மொழியில் எவராலும் காட்ட முடியவில்லை. உறுப்பு மாற்றுப் பட்டியல்கள் நோயாளிகளையும் மருத்துவமனைகளையும் எப்படி வரிசைப்படுத்துகின்றன என்பதை அறிய விரும்புவோருக்கு இந்த வழக்கைவிடத் தெளிவான வாயில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஜெர்மனியில் உறுப்பு மாற்றுச் சட்டம் 1997இல் இயற்றப்பட்டது. கொடையாளரிடமிருந்து உறுப்பை எடுப்பவரும் ஒதுக்குபவரும் பொருத்துபவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து உறுப்புகளைப் பெறும் பணியை உறுப்பு மாற்றுக்கான ஜெர்மானிய அறக்கட்டளை ஒருங்கிணைக்கிறது. கிடைத்த உறுப்பு யாருக்கு என்பதை நெதர்லாந்தின் லெய்டன் நகரிலுள்ள யூரோடிரான்ஸ்பிளான்ட் என்ற அமைப்பு தீர்மானிக்கிறது. 1967இல் தொடங்கிய அந்த அமைப்பில் இன்று ஜெர்மனி, ஆஸ்திரியா, நெதர்லாந்து, பெல்ஜியம், லக்சம்பர்க், ஸ்லோவேனியா, குரோவேஷியா, ஹங்கேரி ஆகிய எட்டு நாடுகள் உள்ளன. எந்த விதிப்படி ஒதுக்க வேண்டும் என்ற நெறிமுறைகளை ஜெர்மானிய மருத்துவர்களின் சங்கமான கூட்டாட்சி மருத்துவர் மன்றம் வகுக்கிறது. காகிதத்தில் பார்த்தால் இது நன்றாகப் பிரிக்கப்பட்ட ஏற்பாடுதான். ஆனால் லெய்டனில் இருக்கும் கணினி எந்த நோயாளியையும் பார்ப்பதில்லை. அந்தந்த நோயாளிக்கு அறுவை சிகிச்சை செய்யப்போகும் மருத்துவமனை எதை எழுதி அனுப்புகிறதோ அதைத்தான் அது வரிசைப்படுத்துகிறது. அந்த உறுப்பு கிடைத்தால் பயன் பெறப்போவதும் அதே மருத்துவமனைதான்.

உறுப்புக்கு உறுப்பு வரிசையின் நியாயம் மாறுபடும். சிறுநீரகம் செயலிழந்தவரை டயாலிசிஸ் பல ஆண்டுகள் தாங்கும் என்பதால் சிறுநீரகப் பட்டியலில் காத்திருந்த காலத்துக்கு நல்ல மதிப்பு உண்டு; அந்தக் காலமும் பெயரைப் பதிந்த நாளிலிருந்து எண்ணப்படாமல் டயாலிசிஸ் தொடங்கிய நாளிலிருந்து எண்ணப்படுகிறது. திசுப் பொருத்தம், உறுப்பு பயணப்பட வேண்டிய தூரம், நாடுகளுக்கிடையே கொடுக்கல் வாங்கல் சமநிலை ஆகியவையும் அதில் சேரும். கல்லீரலுக்கு இத்தகைய மாற்று ஏற்பாடு கிடையாது. வரிசையில் முதலில் வந்தவர் என்ற காரணத்துக்காக ஓரளவு நலமாக இருப்பவருக்குக் கொடுத்தால், நேற்று வந்து இந்த வாரமே இறக்கப்போகிறவர் இறந்துபோவார். எனவே கல்லீரல் பட்டியலில் திடீரெனக் கல்லீரல் முற்றிலும் செயலிழந்தவர்கள் முதலில் வருகிறார்கள். அவர்களுக்குப் பின் மற்றவர்கள் நோயின் கடுமைப்படி நிற்கிறார்கள். காத்திருந்த காலம் மதிப்பெண் சமமாகும்போது மட்டுமே பேசும்.

கடுமையை எதைக் கொண்டு அளப்பது என்பது பழைய சண்டை. அமெரிக்காவில் 2002 வரை நோயாளி எங்கே படுத்திருக்கிறார் என்பதே பெரிய அளவுகோலாக இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர் பொது வார்டில் இருப்பவரை முந்துவார். பொது வார்டில் இருப்பவர் வீட்டில் இருப்பவரை முந்துவார். இதன் விளைவை ஊகிப்பது கடினமன்று. தேவையில்லாத நோயாளிகளைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துப் பட்டியலில் முன்னேற்றியதாகச் சிகாகோவின் மூன்று பல்கலைக்கழக மருத்துவமனைகள் மீது அமெரிக்க அரசு தொடுத்த வழக்குகள் 2003இல் சமரசத்தில் முடிந்தன. அவற்றுள் இல்லினாய் பல்கலைக்கழகம் மட்டும் 20 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. படுக்கையை நம்ப முடியாது, ஆய்வுக்கூட எண்ணை நம்பலாம் என்ற எண்ணம் வலுத்திருந்த அந்தக் காலத்தில்தான், 2002 பிப்ரவரியில், ‘மெல்ட்’ என்ற மதிப்பெண் அமெரிக்கப் பட்டியலுக்குள் வந்தது. யூரோடிரான்ஸ்பிளான்ட் அதை 2006 டிசம்பரில் ஏற்றது.

மெல்ட் மூன்று ரத்தப் பரிசோதனைகளிலிருந்து கணக்கிடப்படுகிறது. பித்தநீரைக் கல்லீரல் எவ்வளவு வெளியேற்றுகிறது என்பதைப் பிலிருபின் சொல்கிறது. ரத்தம் உறைவதற்கான புரதங்களை அது எவ்வளவு உருவாக்குகிறது என்பதை ஐ.என்.ஆர். சொல்கிறது, நோய் சிறுநீரகத்தையும் பிடித்துவிட்டதா என்பதைக் கிரியாட்டினின் சொல்கிறது. மூன்றின் இயல் மடக்கைகளையும் எடுத்து, பிலிருபினுடையதை 3.78ஆலும் ஐ.என்.ஆருடையதை 11.2ஆலும் கிரியாட்டினினுடையதை 9.57ஆலும் பெருக்கிக் கூட்டி, அதோடு 6.43 சேர்த்தால் வருவது மதிப்பெண். மிகக் குறைந்தது 6, மிக அதிகம் 40. பட்டியலில் இருந்த அமெரிக்க நோயாளிகளைக் கொண்டு கணித்தபோது, 10க்கும் 19க்கும் இடையே இருந்தவர்களில் மூன்று மாதத்துக்குள் இறந்தவர்கள் 100க்கு 6 பேர். 20இலிருந்து 29 வரை ஏறத்தாழ 20 பேர். 30இலிருந்து 39 வரை பாதிக்கும் சற்று மேல்.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்; எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஒருவருக்குப் பிலிருபின் 5, ஐ.என்.ஆர். 1.8, கிரியாட்டினின் 1. கிரியாட்டினின் 1 என்றால் அதன் மடக்கை பூஜ்யம். சிறுநீரகத்தின் பங்கு எதுவுமில்லை. பிலிருபினிலிருந்து 6.08, ஐ.என்.ஆரிலிருந்து 6.58, நிலையான 6.43, மொத்தம் 19. இன்னொருவருக்குப் பிலிருபின் 9, ஐ.என்.ஆர். 2.2, கிரியாட்டினின் 1.3, அவருக்கு 26 வருகிறது. இரண்டாமவர் முன்னால் நிற்க வேண்டும் என்பதில் விவாதத்துக்கே இடமில்லை. இப்போது முதலாமவரின் படிவத்தில் டயாலிசிஸ் நடந்ததாகக் குறித்துவிடுங்கள். கிரியாட்டினின் 4 ஆகிறது, 9.57ஐ 4இன் மடக்கையால் பெருக்கினால் 13.27. அவருடைய 19 ஒரே நொடியில் 32 ஆகிறது. அவர் உடலில் எதுவும் மாறவில்லை, ரத்தத்தில் ஒரு துளி கூட மாறவில்லை. இருபத்தாறுக்காரர் மட்டும் ஓரிடம் பின்னால் போய்விட்டார். ஜெர்மனியில் உறுப்புப் பற்றாக்குறை கடுமையாக இருந்ததால் பல நோயாளிகளுக்கு 30ஐத் தாண்டினால்தான் அழைப்பு வரும் என்ற நிலை இருந்தது. பத்தொன்பதில் நிற்பவருக்கு இந்தப் பதின்மூன்று மதிப்பெண் என்பது, பட்டியலில் பெயரளவுக்கு இருப்பதற்கும் உண்மையாகவே கல்லீரல் பெறுவதற்கும் இடையேயுள்ள தூரம். 25க்கு மேல் மதிப்பெண் உள்ளவருக்கு ஏழு நாட்களுக்கு ஒருமுறை புதிய பரிசோதனை முடிவை அனுப்ப வேண்டும் என்பது விதி. அப்படி அனுப்புபவரும் அதே மருத்துவமனைதான் என்பதால் அந்த விதி பழைய தகவலைத் தடுத்ததே தவிரப் பொய்த் தகவலைத் தடுக்கவில்லை.

பொய்யே கலக்காமல் நேர்மையாக நிரப்பினாலும் இந்த எண்ணுக்கு அதற்கே உரிய கோணல்கள் உண்டு. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைவாக உள்ள பெண்ணின் சிறுநீரகம் அதே அளவு பழுதாகியிருந்தாலும் அவருடைய கிரியாட்டினின் குறைவாகவே காட்டும். பல ஆண்டுகள் பெண்கள் இந்தப் பட்டியலில் தம் நோய்க்கு உரிய இடத்துக்குச் சற்றுப் பின்னாலேயே நின்றார்கள். அமெரிக்காவில் 2023இல் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட மெல்டில் பெண்களுக்கு 1.33 மதிப்பெண் கூடுதலாகச் சேர்த்ததற்கு இதுவே காரணம். கல்லீரலில் புற்றுநோய்க் கட்டி உள்ளவருக்கோ ரத்தப் பரிசோதனை ஏறக்குறைய நன்றாகவே இருக்கும். அவருக்கு விதிவிலக்காக ஒரு தொடக்க மதிப்பெண் கொடுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயர்த்திக்கொண்டே போகிறார்கள். இவற்றையெல்லாம்விட அடிப்படையான சிக்கல் ஒன்று ஜெர்மானியச் சட்டத்திலேயே இருந்தது. உறுப்பு ஒதுக்கீடு மருத்துவ அறிவியலின்படி, குறிப்பாகச் சிகிச்சை வெற்றி பெறும் வாய்ப்பையும் அவசரத்தையும் கொண்டு செய்யப்பட வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். மெல்ட் அளப்பது இரண்டாவதை மட்டும். மிகவும் நலிந்தவருக்கே கல்லீரல் போகத் தொடங்கியபின் அறுவைக்குப் பின் ஓராண்டு உயிர்வாழ்வோரின் பங்கு குறைந்ததை ஜெர்மானிய மையங்களே பதிவு செய்தன. ‘இவருக்கு இன்று கொடுத்தால் 20 ஆண்டுகள் வாழ்வார், 40 மதிப்பெண் வரும்வரை காத்திருந்தால் மேசையிலேயே போய்விடுவார்’ என்று ஒரு மருத்துவர் நினைப்பதில் மருத்துவம் இருக்கிறது. அதற்காகப் படிவத்தைத் திருத்துவதில் இல்லை. இந்த இரண்டையும் கலந்து பேசியதுதான் வழக்கின்போது நடந்த பொது விவாதத்தின் பெரிய குறை என்பது என் கருத்து.

மருத்துவமனைகளின் கணக்கு வேறு. அப்போது ஜெர்மனியில் 24 கல்லீரல் மாற்றுத் திட்டங்கள் இயங்கின. ஆறு கோடிக்கு மேல் மக்கள்தொகை கொண்ட பிரிட்டனில் இருந்தவை 7. ஆண்டுக்குக் குறைந்தது 20 கல்லீரல் மாற்று செய்யாத மையம் அந்தச் சிகிச்சையைத் தொடர முடியாது என்ற விதியும் ஜெர்மனியில் உண்டு. மையங்கள் நிறைய, உறுப்புகள் குறைவு, எண்ணிக்கை தவறினால் வாசலே மூடப்படும். இந்த நிலையில் கோட்டிங்கன் மருத்துவமனை தன் அறுவை மருத்துவரோடு செய்திருந்த ஒப்பந்தத்தில், குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டிச் செய்யும் ஒவ்வொரு கல்லீரல் மாற்றுக்கும் 1,500 யூரோ ஊக்கத்தொகை என்ற பிரிவு இருந்தது. அந்தப் பணத்துக்காகத்தான் அவர் செய்தார் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. நானும் சொல்ல வரவில்லை. ஆனால் கல்லீரல் மாற்றுகளின் எண்ணிக்கையை உயர்த்துவதற்குச் சம்பளம் பேசிய நிர்வாகம் எதை எதிர்பார்த்தது என்பதை அந்தப் பிரிவு ஒளிக்காமல் சொல்கிறது.

நோயாளிகளின் வரிசையைச் சுற்றிப் போகும் இன்னொரு வழியும் விதிக்குள்ளேயே இருந்தது. வயதானவரின் கல்லீரல், கொழுப்பு படிந்த கல்லீரல் போன்றவற்றை வரிசைப்படி அடுத்தடுத்து மூன்று மையங்கள் மருத்துவக் காரணம் சொல்லி மறுத்துவிட்டால், அல்லது உறுப்பு வீணாகும் அளவுக்கு நேரம் கடந்துவிட்டால், அது ‘விரைவு ஒதுக்கீடு’ என்ற முறைக்கு மாறும். அதன்பின் உறுப்பு நேராக மையத்துக்கு வழங்கப்படும். தன் நோயாளிகளில் யாருக்குப் பொருத்துவது என்பதை அந்த மையமே முடிவு செய்யும். வீணாவதைத் தடுக்க வந்த விதிவிலக்கு இது. ஜெர்மனியில் 2002இல் 9.1 சதவீதக் கல்லீரல்கள் இவ்வழியே போயின, 2012இல் 37.1 சதவீதம். கொடையாளர்களின் வயது கூடியது ஒரு காரணம் என்பதை ஏற்கலாம். ஆனாலும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட கல்லீரல்கள் வரிசைக்கு வெளியே கை மாறின என்றால், வரிசையைப் பற்றிய விதிகளை எவ்வளவு நுணுக்கமாக எழுதினாலும் அவை மீதியுள்ள பங்கை மட்டுமே ஆளும்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்த இடம் அந்நியமாகத் தோன்றாது. 2008இல் தொடங்கிய தமிழக அரசின் உறுப்புக் கொடைத் திட்டத்தில், மூளைச்சாவு அடைந்தவர் இருக்கும் மருத்துவமனை உறுப்பு மாற்று உரிமம் பெற்றதாக இருந்தால் இதயம், கல்லீரல், ஒரு சிறுநீரகம் ஆகியவற்றில் முதல் உரிமை அதற்கே தரப்பட்டது. மற்றொரு சிறுநீரகம் பொதுத் தொகுப்புக்குப் போகும். மூளைச்சாவை அறிவித்து, குடும்பத்தாரிடம் பேசி, ஒப்புதல் பெறும் உழைப்புக்கு ஈடாக மருத்துவமனைக்குத் தரப்படும் உரிமை அது. ஜெர்மனியில் பின்வாசல் வழியே வந்த ‘மையத்துக்கு ஒதுக்கீடு’ இங்கே முன்வாசலில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. எழுதி வைக்கப்பட்டிருப்பதே மேல் என்பேன். குறைந்தபட்சம் அதைப் பற்றி வாதாடலாம்.

இனி நிகழ்வுகளுக்கு வருவோம். வழக்கின் மையத்தில் இருந்த அறுவை மருத்துவர் முன்பு ரேகன்ஸ்பர்க் பல்கலைக்கழக மருத்துவமனையில் பணியாற்றியவர். அங்கே 2005இல், ரேகன்ஸ்பர்க் பட்டியலில் இருந்த ஒரு நோயாளிக்கென ஒதுக்கப்பட்ட கல்லீரல் ஜோர்டானுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே பொருத்தப்பட்டது. அது விசாரிக்கப்பட்டது, குற்றவியல் நடவடிக்கை எதுவும் நிலைக்கவில்லை. 2008இல் அவர் கோட்டிங்கனுக்கு வந்து உறுப்பு மாற்று அறுவைப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். அடுத்த ஆண்டுகளில் அங்கே கல்லீரல் மாற்றுகளின் எண்ணிக்கை வேகமாக உயர்ந்தது. 2011 கோடையில் உறுப்பு மாற்று அறக்கட்டளைக்குப் பெயர் சொல்லாத ஒருவரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தவர் சொன்னது ஒரு வெளிநாட்டு நோயாளியைப் பற்றி. அந்தக் கோப்பைத் தேடிப் போனவர்கள், அதில் பதிவாகியிருந்த டயாலிசிஸுக்கு மருத்துவமனையில் எந்தச் சுவடும் இல்லாததைக் கண்டார்கள். பிறகு அடுத்தடுத்த கோப்புகள். 2012 ஜூலையில் செய்தி நாளிதழ்களுக்கு வந்தபோது ஐயத்துக்குரியவை இருபதுக்கும் மேல் ஆகியிருந்தன. யூரோடிரான்ஸ்பிளான்டின் கணினியோ, ஆண்டு அறிக்கைகளோ, சக மையங்களோ கண்டுபிடிக்காத ஒன்றை வெளியே கொண்டுவந்தது அந்த ஒற்றைத் தொலைபேசி அழைப்பு.

ஒரு மருத்துவரின் தனிப்பட்ட குற்றம் என்று இதை முடித்துவிட விரும்பியவர்கள் இருந்தார்கள். கூட்டாட்சி மருத்துவர் மன்றமும் பிற அமைப்புகளும் சேர்ந்து அமைத்த தணிக்கைக் குழு 24 கல்லீரல் திட்டங்களின் 2010, 2011 ஆண்டுக் கோப்புகளைச் சோதித்து 2013 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை அந்த ஆசையைக் கெடுத்தது. கோட்டிங்கன், லைப்சிக், மியூன்ஸ்டர், மியூனிக்கில் ஒரு மையம் என நான்கு இடங்களில் கடுமையான விதிமீறல்கள் பதிவாகின. லைப்சிக்கிலும் நடக்காத டயாலிசிஸ்தான் பெரும்பாலும். மதிப்பெண்ணில் எந்தக் கதவு பூட்டாமல் கிடக்கிறது என்பது பல ஊர்களில் தெரிந்திருந்தது.

கோட்டிங்கன் மருத்துவர் 2013 ஜனவரியில் கைது செய்யப்பட்டு ஏறத்தாழ 11 மாதங்கள் விசாரணைக் காவலில் இருந்தார். விசாரணை 2013 ஆகஸ்டில் கோட்டிங்கன் மாநில நீதிமன்றத்தில் தொடங்கியது. பிரவுன்ஷ்வைக் அரசு வழக்குரைஞர்கள் தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் 14 நிகழ்வுகள் இருந்தன. அவற்றுள் மூன்று, கல்லீரல் மாற்றே தேவைப்படாதவர்களுக்கு அதைச் செய்து அவர்கள் இறக்கக் காரணமானார் என்பவை. மற்ற பதினொன்றுதான் பட்டியல் பற்றியவை. அவற்றுக்கு வைக்கப்பட்ட குற்றச்சாட்டு உயிர்பறிப்பு முயற்சி.

ஏன் ‘முயற்சி’? வழக்கின் முடிச்சு அந்தச் சொல்லில் இருக்கிறது. ஒரு நோயாளி பொய் மதிப்பெண்ணால் முன்னேறினால், வரிசையில் அவருக்குப் பின்னே சரியும் ஒவ்வொருவரும் ஓரிடம் இழக்கிறார்கள். அந்தக் கல்லீரல் உண்மையில் போயிருக்க வேண்டிய அடுத்தவரின் பெயர் லெய்டன் பதிவேட்டில் இருக்கும். ஆனால் அவருக்கு அன்று காய்ச்சல் இருந்திருக்கலாம்; அவருடைய மையம் அந்தக் கல்லீரலை வேண்டாம் என்றிருக்கலாம்; இரண்டு நாள் கழித்து அவருக்கு வேறொன்று கிடைத்திருக்கலாம். அவர் இறந்தே போயிருந்தாலும், அந்தக் கல்லீரல் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் அறுவையின்போதும் அதை ஒட்டியும் 100க்கு 5 முதல் 10 பேர் வரை இறக்கிறார்கள் என்பதை நிபுணர்கள் சாட்சியத்தில் சொன்னார்கள். ஆகவே ‘இன்னாரைக் கொன்றார்’ என்ற குற்றச்சாட்டைத் தொடவே முடியாது. ‘யாரோ ஒருவர் இறப்பார் என்று தெரிந்தும் அதற்கு ஒப்பிச் செய்தார்’ என்ற குற்றச்சாட்டு ஒன்றே மிஞ்சியது. அதற்கு அவர் மனத்தில் என்ன இருந்தது என்பதை நிறுவ வேண்டும்.

20 மாதங்களுக்கும் மேல் நடந்த விசாரணையின் முடிவில், 2015 மே 6 அன்று நீதிமன்றம் அவரை எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவித்தது. பொய்த் தகவல் அனுப்பப்பட்டது கண்டிக்கத்தக்கது, ஆனால் அது நடந்த காலத்தில் அதைக் குற்றமாக்கும் சட்டப்பிரிவு எதுவும் இல்லை என்றது. முந்தப்பட்டவர்கள் இறக்கட்டும் என்று அவர் ஒப்பினார் என்பதற்கும் ஆதாரம் இல்லை. பட்டியலில் அவ்வளவு உயரத்தில் இருப்பவர்களுக்கு விரைவில் வேறு கல்லீரல் கிடைத்துவிடும் என்று ஓர் அறுவை மருத்துவர் நம்பியிருக்க முடியும். இறந்த மூவரைப் பொறுத்தவரை, அவர்கள் அபாயத்தை அறிந்தே ஒப்புதல் தந்திருந்தார்கள் என்றது. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. 2017 ஜூன் 28 அன்று கூட்டாட்சி உச்ச நீதிமன்றத்தின் ஐந்தாவது குற்றவியல் அமர்வு, லைப்சிக்கில், விடுதலையை உறுதி செய்தது.

அந்தத் தீர்ப்பில் அதிகம் பேசப்படாத பகுதி மதுவைப் பற்றியது. குற்றச்சாட்டுக்குள்ளான நிகழ்வுகளில் சில, குடியால் கல்லீரல் கெட்ட நோயாளிகள் தொடர்பானவை. ஆறு மாதம் குடிக்காமல் இருந்தால்தான் அவர்களைப் பட்டியலில் சேர்க்கலாம் என்று மருத்துவர் மன்றத்தின் நெறிமுறை சொன்னது; அந்தக் காலம் முடியாதவர்களுக்கும் முடிந்ததாக எழுதப்பட்டிருந்தது. இங்கே பொய், வரிசையில் முன்னே தள்ளுவதற்காகச் சொல்லப்படவில்லை. வரிசைக்குள் நுழைவதற்காகவே சொல்லப்பட்டது. கோட்டிங்கன் நீதிமன்றம் அந்த விதியே அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாதது என்றது. உயிர் பிழைக்கும் வாய்ப்பை ஒருவருக்கு அடியோடு மறுக்கும் விதியை, நாடாளுமன்றம் சொல்லாத ஓர் அளவுகோலைக் கொண்டு, மருத்துவர்களின் சங்கம் தன் போக்கில் எழுத முடியாது என்பது அதன் சாரம். அத்தகைய நெறிமுறையை மீறியதைக் கொண்டு ஒருவரைக் கொலைக் குற்றவாளியாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றமும் கருதியது. ஆறு மாதத்துக்குள் இறந்துவிடப்போகும் நோயாளியிடம் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வது தண்டனையைத் தவிர வேறென்ன என்ற கேள்வி கல்லீரல் மருத்துவர்களிடையே அதற்கு முன்பே இருந்தது. ஒரு மோசடி வழக்கு அந்தக் கேள்விக்குச் சட்ட மேடையை அமைத்துக் கொடுத்தது விசித்திரம்தான்.

தீர்ப்பைப் படித்துக் கொதித்தவர்கள் பலர். எனக்கு அது சட்டப்படி சரியான தீர்ப்பாகவே படுகிறது. எழுதப்படாத குற்றத்துக்கு யாரையும் சிறையில் அடைக்கக் கூடாது. பட்டியலின் நேர்மையை, அதனால் பயன்பெறப்போகும் மருத்துவமனையின் வாய்மொழியின் மேல் பதினாறு ஆண்டுகள் கட்டி வைத்திருந்ததும், அந்த வாய்மொழி பொய்த்தால் என்ன தண்டனை என்று எழுத மறந்ததும் சட்டம் இயற்றியவர்களின் தவறு. அதை அவர்கள் விசாரணை தொடங்குவதற்கு முன்பே ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்றும் சொல்லலாம்: 2013 ஆகஸ்ட் 1 முதல், காத்திருக்கும் நோயாளியின் உடல்நிலையை முறைகேடாகப் பொய்யாகப் பதிவு செய்வது ஈராண்டு வரை சிறைக்கோ அபராதத்துக்கோ உரிய குற்றமானது. சட்டம் பின்னோக்கிச் செல்லாது என்பதால் கோட்டிங்கன் வழக்கை அது தொடவில்லை. மையங்களில் நோயாளியைப் பட்டியலில் சேர்க்கும் முடிவை அறுவை மருத்துவர் தனியாக எடுக்க முடியாதபடி, உறுப்பு மாற்றோடு தொடர்பில்லாத ஒரு மருத்துவரும் இடம்பெறும் மூவர் கூட்டம் கட்டாயமாக்கப்பட்டது. முன்னறிவிப்பில்லாத தணிக்கைகளும் வந்தன.

யாருக்கு இழப்பு என்பதற்கு நீதிமன்றத்தில் கிடைக்காத விடையின் ஒரு பகுதி வேறு புள்ளிவிவரத்தில் தெரிந்தது. ஜெர்மனியில் இறந்தபின் உறுப்புக் கொடை அளித்தவர்கள் 2011இல் 1,200 பேர். செய்தி வெளியான 2012இல் 1,046. அடுத்த ஆண்டு 876. 2017இல் 797. சரிவு செய்திக்கு முன்பே தொடங்கியிருந்தது என்பதையும், மருத்துவமனைகள் தகுதியான கொடையாளர்களை அடையாளம் காணத் தவறியது பெரிய காரணம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். என்றாலும் 2012க்கும் 2013க்கும் இடையே குறைந்த 170 கொடையாளர்கள் என்பது, ஒருவரிடமிருந்து சராசரியாக மூன்று உறுப்புகள் என்று வைத்துக்கொண்டாலே, 500க்கு மேற்பட்ட உறுப்புகள்.

விடுதலைக்குப் பின் அந்த மருத்துவர், தான் சிறையில் இருந்த காலத்துக்கு இழப்பீடு கேட்டு வழக்குத் தொடர்ந்தார். கைதாகும் நேரத்தில் அவர் ஜோர்டானில் ஒரு மருத்துவமனையில் பெருஞ்சம்பளத்தில் பணி ஏற்கவிருந்தார், அது கைநழுவிப்போனது. இழந்த வருவாயைக் கணக்கிட நீதிமன்றத்துக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, எத்தனை மாதம் என்ற இரண்டு விவரங்கள் போதுமானவையாக இருந்தன. 2019இல் பிரவுன்ஷ்வைக் நீதிமன்றம் அவருக்கு ஏறத்தாழ 11 லட்சம் யூரோ வழங்கும்படி தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு மேல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.